ஈறில் வந்த அபூர்வக் கட்டி

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. கீழ் ஈறில் சிவப்பாக ஒரு கட்டி, பல் துலக்கினாலே ரத்தம் வரும். பல் டாக்டர் அதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் 'எபிதீலியாய்ட் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா' என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா? தாடையை எடுத்துவிடுவார்களா? பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: எடுத்த சதையைத் தூக்கிப் போடாமல் டெஸ்ட்டுக்கு அனுப்பினாரே, அந்தப் பல் டாக்டருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். ஈறில் இப்படி வருவது பெரும்பாலும் பயோஜெனிக் கிரானுலோமாதான், பல் காரையாலோ கர்ப்பகால ஹார்மோனாலோ வருகிற ஆபத்தில்லாத கட்டி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், எத்தனை அனுபவம் இருந்தாலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

சரி, புற்றுநோயா? ஆமாம், ஆனால் புகையிலையால் வாயில் வருமே, அந்த வகை இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் தொடங்குவது இது. 1982-ல்தான் தனி நோயாக விவரித்தார்கள். கல்லீரல், நுரையீரல், எலும்பு ஆகியவற்றில்தான் அதிகம் வரும், வாயில் மிக அபூர்வம். பலருக்கு மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனாலும் பரவக்கூடியது என்பதால் அலட்சியம் கூடாது.

அபூர்வம் என்பதாலேயே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்பி அடுத்த ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். லேபில் ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்கி, பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். செல்லின் வகையைக் கண்டுபிடிக்க லேபில் போடும் சிடி31, இஆர்ஜி சாயங்கள் ரத்தக்குழாய்க் கட்டிதான் என்று காட்டும், இந்த வகைதானா என்பதற்கு கேம்டா1 சாயம் பெரிய உதவி. சில சமயம் இந்தச் செல்கள், வழக்கமாக வாய்த்தோல் செல்கள் பிடிக்கும் கெரட்டின் சாயத்தையும் பிடித்துக்கொண்டு, சாதாரண வாய்ப் புற்று போல ஏமாற்றிவிடும்.

அப்புறம் தாடைக்கு எம்ஆர்ஐ, மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன். வேறு இடத்திலிருந்து ஈறுக்கு வந்ததா என்று தெரியாமல் ஈறை மட்டும் வெட்டி என்ன பயன்? வேறெங்கும் இல்லையென்றால் ஆபரேஷன்தான் முக்கிய சிகிச்சை. எடுத்த சதையின் ஓரங்களில் கட்டி மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சுற்றியுள்ள ஈறையும், எலும்பைத் தொட்டிருந்தால் கொஞ்சம் எலும்பையும் ஒன்றிரண்டு பற்களையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம். இந்த வகைக் கட்டி என்பதற்காகவே தாடை முழுவதையும் எடுக்க மாட்டார்கள். ஓரம் சுத்தமாக எடுத்துவிட்ட சிறு கட்டிக்குக் கீமோ வழக்கமாகத் தருவதில்லை.

வருடங்கள் கழித்தும் திரும்பி வரலாம் என்பதால் செக்கப்பை நடுவில் விட்டுவிடாதீர்கள். அந்த பிளாக்கையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.