ஹீட் பம்ப் லேபிளில் உள்ள எண்கள்: கேள்வி பதில்

வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வாங்கப்போகிறவர்களும், வாங்கிவிட்டுக் குழம்புகிறவர்களும் கேட்டவை இவை. இந்த இயந்திரங்களைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும்தான் என் தொழில்.

கேள்வி: செயல்திறன் 400 சதவீதம் என்று கடைக்காரர் சொல்கிறார். நூறைத் தாண்டுவது எப்படி? ஏமாற்றுகிறாரா?

இல்லை, அவர் சொன்னது சரிதான். ஹீட்டர் கம்பி கரண்டையே வெப்பமாக்குகிறது. 1 யூனிட் கொடுத்தால் 1 யூனிட் வெப்பம், அதற்கு மேல் வராது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே சேர்க்கிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுடுகிறதே, அதே வேலைதான். கம்ப்ரசர் ஓட 1 யூனிட், வெளியிலிருந்து வந்தது 3 யூனிட், வீட்டுக்குள் மொத்தம் 4. இந்த விகிதத்துக்குப் பெயர் சிஓபி. ஆனால் அவரிடம் இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும்: எந்த வெப்பநிலையில் 4?

கேள்வி: ஒரே இயந்திரத்துக்கு ‘ஏ7/டபிள்யூ35: 4.8’ என்றும் ‘ஏ-7/டபிள்யூ55: 2.1’ என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ‘ஏ’ வெளிக்காற்று, ‘டபிள்யூ’ ரேடியேட்டருக்கோ தரைக் குழாய்க்கோ போகும் தண்ணீர். முதல் எண், வெளியே 7 டிகிரி இருக்கும்போது தண்ணீரை 35 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தது. இரண்டாவது, வெளியே மைனஸ் 7, தண்ணீர் 55.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் அதே குடத்துக்கு அதிக உழைப்பு. இங்கே ஆழம் என்பது வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். முதலாவதில் 28 டிகிரி, இரண்டாவதில் 62. இயற்பியல் அனுமதிக்கும் உச்சத்தையும் கணக்கிடலாம்: தண்ணீரின் வெப்பநிலையைக் கெல்வினில் (டிகிரியோடு 273 கூட்டி) எடுத்து, இந்த வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 308-ஐ 28 ஆல் வகுத்தால் 11. 328-ஐ 62 ஆல் வகுத்தால் 5.3 தான். உங்கள் இயந்திரம் இரண்டு இடத்திலும் அந்த உச்சத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை எட்டுகிறது. அதாவது இயந்திரம் மோசமாகிவிடவில்லை, வேலைதான் கடினமாகிவிட்டது.

அதனால்தான் ரேடியேட்டரைப் பெரிதாக்குங்கள், முடிந்தால் தரைக்கடியில் குழாய் போடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சூடு கொடுக்கும் பரப்பு பெரிதானால் தண்ணீர் அவ்வளவு சூடாக இருக்க வேண்டியதில்லை. வெளிக்காற்றை நம்மால் மாற்ற முடியாது, தண்ணீரின் சூட்டைக் குறைக்க முடியும்.

கேள்வி: அப்படியென்றால் எஸ்சிஓபி என்ன?

குளிர்காலம் முழுவதற்குமான சராசரி. ஐரோப்பிய முறையில் இதற்கு மூன்று தட்பவெப்பங்கள் வைத்திருக்கிறார்கள்: நடுத்தரத்துக்கு ஸ்ட்ராஸ்பர்க், கடுங்குளிருக்கு ஹெல்சின்கி, மிதமானதற்கு ஏதென்ஸ். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்தால் அது ஏதென்ஸ் கணக்கா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு இயந்திரங்கள். இரண்டுக்கும் குளிர்காலச் செயல்திறன் 157 சதவீதம். ஆனால் தர எழுத்து ஒன்றுக்கு ஏ+++, இன்னொன்றுக்கு ஏ++. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. தண்ணீர் 55 டிகிரி என்ற கணக்கில் 150 சதவீதம் தொட்டாலே ஏ+++. 35 டிகிரிக் கணக்கில் அதே எழுத்துக்கு 175 வேண்டும். ஆக, 55-இல் 157 வாங்கியதுதான் கெட்டிக்கார இயந்திரம். இந்தச் சதவீதம் எஸ்சிஓபி-யை 2.5 ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, 3 கழித்தது. மின் நிலையத்தில் ஆகும் இழப்புக்காக அந்த 2.5. இரண்டு இயந்திரங்களுக்கும் எஸ்சிஓபி 4 தான், ஆனால் வெவ்வேறு சூட்டில் வாங்கிய 4.

கேள்வி: அமெரிக்க மாடல்களில் பழையதற்கு எச்எஸ்பிஎஃப் 8.8, புதியதற்கு எச்எஸ்பிஎஃப்2 7.5 என்று இருக்கிறது. பழையதுதான் நல்லதா?

ஒப்பிடவே கூடாது. இரண்டும் குளிர்காலச் சராசரிக்கான அமெரிக்க எண்கள், ஆனால் சோதித்த முறை வேறு. 2023 ஜனவரியில் அங்கே சோதனை முறை மாறியது. டக்டில் (சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாயில்) காற்றுக்கு இருக்கும் தடையை முன்பு 0.1 அங்குலத் தண்ணீர் அழுத்தமாக வைத்துச் சோதித்தார்கள், இப்போது 0.5. நிஜ வீட்டு டக்டுக்கு இதுதான் நெருக்கம் என்பதால் எண் இறங்கியது. சராசரி சிஓபி தெரிய வேண்டுமானால் இந்த எண்ணை 3.41 ஆல் வகுங்கள், 7.5 என்பது 2.2 ஆகும். பக்கத்தில் இருக்கும் எஸ்இஇஆர்2 குளிரூட்டலுக்கானது, சூட்டுக்கு அதைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: கேஸ் பாய்லரை விட்டு மாறினால் செலவு குறையுமா?

கரண்ட் யூனிட் விலையை கேஸ் யூனிட் விலையால் வகுத்து, பாய்லரின் செயல்திறனால் பெருக்குங்கள். கரண்ட் மூன்று மடங்கு விலை, பாய்லர் 90 சதவீதம் என்றால் 2.7. உங்கள் எஸ்சிஓபி அதற்கு மேல் இருந்தால் செலவு குறையும்.

கேள்வி: லேபிளில் 4 இருக்கிறது. மீட்டர் கணக்குப் போட்டால் 2.6 தான் வருகிறது. எங்கே போகிறது?

முதலில் தண்ணீரின் வெப்பநிலை செட்டிங்கைப் பாருங்கள். பழைய பாய்லர் பழக்கத்தில் 60-இல் வைத்திருப்பார்கள். வீடு சூடாக இருக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒரு முறை 2 டிகிரி இறக்குங்கள். குழாயில் ஓடும் வெந்நீருக்கு மட்டும் செட்டிங் தனி, அதைத் தொட வேண்டாம். அப்புறம் உள்ளே இருக்கும் துணை ஹீட்டர். நான் பார்த்த ஒரு வீட்டில் பொருத்திய அன்று சோதனைக்காக அதைப் போட்டவர்கள் அணைக்க மறந்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க சிஓபி 1-இல் ஓடியிருக்கிறது. கண்ட்ரோல் மெனுவில் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று பல மாடல்களில் காட்டும். அந்த எண்ணைக் குறித்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.