அயர்லாந்தின் உள்ளூர் ஹர்லிங் கிளப் ஒன்றுக்கு ஓர் ஆண்டு எப்படிப் போகும்?

ஹர்லிங் அயர்லாந்தின் மிகப் பழைய விளையாட்டு. ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டையால் சிறு தோல் பந்தை அடிப்பார்கள். அணிக்கு 15 பேர். உள்ளூர் கிளப் என்பது பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியின் அணி. தான் வளர்ந்த ஊருக்கு ஆடுவதுதான் வழக்கம்.

குளிர்காலத்தில் பொதுக்கூட்டம் நடக்கும்; செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் சேற்று மைதானத்தில் பயிற்சி, வசந்தத்தில் லீக் ஆட்டங்கள். ஆனால் அந்த நேரத்தில் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர்கள் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அணியோடு இருப்பார்கள்.

காரணம் நாட்காட்டி. 2022 முதல் ஆண்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: ஜூலை வரை கவுண்டிகளுக்கு, மீதி கிளப்புகளுக்கு. முன்பு இரண்டும் பின்னிக் கிடந்தன. கவுண்டி அணி தோற்று வெளியேறினால்தான் கிளப் ஆட்டம் எப்போது என்று தெரியவரும். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுகூடப் பாடுதான்!

விவசாயத்தோடு ஒப்பிடலாம். உழுவதும் களையெடுப்பதும் மாதக்கணக்கில் நடக்கும், அறுவடையோ சில வாரங்கள்தான். இங்கே அந்த அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான கவுண்டி சாம்பியன்ஷிப். அதில் வென்ற கிளப் மாகாணப் போட்டிக்குப் போகும். அங்கும் வென்று முன்னேறினால் ஜனவரியில் டப்ளின் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். தோற்ற கிளப்புகளுக்கு மறுபடி பொதுக்கூட்டம்.

குரோக் பார்க்கில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம் என்பதால் ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, கவுண்டி நட்சத்திரம்கூடத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்தான்.