ஜோடி லிவர் 700 ரூபாய்: வாங்கலாமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "முன்பக்கம் டிஸ்க் உள்ள 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். மழையில் சைடு ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து, வண்டி இடப்பக்கம் சாய்ந்து கிளட்ச் லிவர் பாதியோடு உடைந்துவிட்டது. பிரேக் லிவரும் போன வருடம் விழுந்ததிலிருந்து வளைந்துதான் இருக்கிறது. ஆன்லைனில் மடங்கும் லிவர், சிஎன்சி என்று போட்டு, ஜோடி 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்துக் கடையில் சாதா லோக்கல் லிவர் ஒன்று 100 ரூபாய். எதை வாங்கலாம்?"

கிளட்சுக்கு அந்த 100 ரூபாய் லிவரை வாங்கிப் பார்க்கலாம். பிரேக்குக்குக் கம்பெனி ஸ்பேர் போடுங்கள். 700 ரூபாய் ஜோடியை விட்டுவிடுங்கள்.

கிளட்ச் லிவருக்குக் கேபிளை இழுக்கும் வேலை மட்டும்தான். அளவு தப்பினால் கியர் முரண்டு பிடிக்கும், பிளேட் தேயும், செலவு வரும். உடைந்த துண்டைத் தூக்கிப் போடவில்லையே? அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். போல்ட் நுழையும் துளையின் நடுவிலிருந்து கேபிள் முனையின் குண்டு உட்காரும் துளையின் நடு வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். லிவரின் நீளத்தை விட இந்தத் தூரம்தான் முக்கியம். பழையதை விடக் குறைந்தால் பிடிக்க லேசாக இருக்கும், ஆனால் கேபிள் போதுமான அளவு இழுபடாது. கிளட்ச் முழுசாக விடாமல் சிக்னலில் நியூட்ரல் தேடித் தவிப்பீர்கள். கூடினால் கை வலிக்கும். 'எல்லாம் ஒரே சைஸ்தான் சார்' என்று கடைக்காரர் சொல்வார். சொல்லட்டும், நீங்கள் பழையதையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். பழைய போல்ட்டைப் புதுத் துளையில் விட்டு ஆட்டியும் பாருங்கள். இப்போதே லொடலொடத்தால் சில மாதத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். உங்கள் வண்டியில் கிளட்ச் சுவிட்ச் இருந்தால், அதை அழுத்தும் சிறு முனை புது லிவரிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியரில் நிற்கும்போது செல்ஃப் எடுக்காது.

பிரேக் லிவர் சமாச்சாரம் வேறு. அதன் உள்முனை, ஹேண்டில்பாரில் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. கையை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் உள்ளே ஒரு பொடித் துளை திறக்கும். சூட்டில் விரிந்த பிரேக் ஆயில் அந்த வழியாகத்தான் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்புகிறது. லிவரின் உள்முனை ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டாலே பிஸ்டன் முழுசாகத் திரும்பாமல் அந்தத் துளை மூடிக் கிடக்க வாய்ப்பு உண்டு. கடையில் மாட்டி ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பத்து கிலோமீட்டர் போன பிறகு, நீங்கள் பிரேக்கைத் தொடாமலேயே பேட் டிஸ்க்கைப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடித்தால் சூடு, சூடானால் இன்னும் பிடிப்பு என்று போய் வீலே இறுகலாம். உள்முனை குட்டையாக இருந்தாலோ, லிவரைப் பாதி இழுத்த பிறகுதான் பிரேக் வேலையே தொடங்கும்.

அதனால்தான் கம்பெனி ஸ்பேர் என்கிறேன். சாதாரண 150 சிசி வண்டிக்கு அது சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது வீல் இறுகாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். அதற்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகள் ஒரே பெயரில் இருந்தாலும் பிரேக் அமைப்பு வேறு. சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். ஷோரூமில் இல்லையென்றால் சென்னையில் ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு நடை தேடலாம். புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைகளில் கழற்றிய லிவர் மலிவுதான், ஆனால் அது ஏற்கெனவே விழுந்த வண்டியிலிருந்து வந்திருக்கும். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உங்களுடைய வளைந்த லிவரைத் தட்டி நிமிர்த்துவதும் இதே வம்புதான். வார்ப்பு அலுமினியம் ஒருமுறை வளைந்ததே பெரிது.

அந்த 700 ரூபாய் ஜோடிக்கு வருவோம். உண்மையான சிஎன்சி லிவர் 6061 போன்ற ரக அலுமினியக் கட்டியை மெஷினில் குடைந்து எடுப்பது. ஓரத்தில் அச்சுக்கோடு தெரிந்தால் அது குடைந்ததல்ல, மேலே பூசிய நிறத்துக்குத்தான் காசு. மடங்குவதற்கு ஒரு மூட்டு, தூரம் மாற்ற ஒரு திருகு என்று சேரச் சேர ஆட்டம் விடும் இடங்களும் கூடும். இரண்டு விரல் குட்டை லிவராக இருந்தால் இன்னும் மோசம். போல்ட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பதால் கிளட்ச் கனக்கும். ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக்கில் ஒரு மாலை போதும், புரிந்துவிடும். எதை வாங்கினாலும் நுனியில் உருண்டை இருக்கட்டும். விழும்போது லிவர் கையையோ தொடையையோ குத்தாமல் இருக்கத்தான் அது. பந்தய விதிகளிலேயே 16 மில்லிமீட்டர் உருண்டை கேட்கிறார்கள்.

மாட்டும்போது பிஸ்டனைத் தொடும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பர் சீலை உப்ப வைக்கும். கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் (கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா அசையும் தூரம்) விடுங்கள், வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வையுங்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்டில் முன்வீலைத் தூக்கி, பிரேக்கைப் பத்துமுறை அழுத்தி விட்டுச் சுழற்றுங்கள். டிஸ்க்கில் பேட் லேசாக உரசும் சத்தம் சகஜம், ஆனால் வீல் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் லிவரை லேசாகத் தொட்டதுமே பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து அதே வீலை மறுபடி சுழற்றுங்கள். சூடான பிறகும் அப்படியே சுற்றினால் சரி.

இன்னொன்று, லிவரைத் தாங்கும் கிளாம்பை உடும்புப்பிடியாக முறுக்க வேண்டாம். ஓட்டும்போது அசையாமல், ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திரும்பும் அளவுக்கு இருக்கட்டும். அடுத்த மழைக்கும் ஸ்டாண்ட் புதைந்தால், லிவர் உடைவதற்குப் பதில் கிளாம்ப் திரும்பிக்கொள்ளும்.