கடலூரில் தேதி 10, புதுச்சேரியில் 21

கேள்வி: சென்ற இதழின் துணுக்குப் பகுதியில், சுவீடன் நாட்டில் ஒரு வருடம் பிப்ரவரி 30 வந்தது என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில் இப்படியா கதை விடுவது? உடனே மறுப்புப் போடுங்கள். வியப்பான செய்திதான் வேண்டுமென்றால் நிஜமாக நடந்ததைப் போடலாமே! கலிலியோ இறந்த வருடத்தில்தான் நியூட்டன் பிறந்தார். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள். காலண்டரில் 11 நாளை வெட்டிய அரசாங்கத்தை எதிர்த்து இங்கிலாந்தில் பெரிய கலவரமே நடந்தது. நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஐயா, மறுப்பு வராது. பிப்ரவரி 30 வந்தது நிஜம். நிஜம் என்று நீங்கள் அனுப்பியிருக்கிற மூன்றும்தான் தேறவில்லை. இதில் வேடிக்கை, நான்குக்கும் வேர் ஒன்றே. 1582இலிருந்து 1923 வரை ஐரோப்பாவில் இரண்டு காலண்டர்கள் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருந்தன.

ஜூலியஸ் சீசர் காலத்துக் கணக்கில் வருடத்துக்கு 365¼ நாள். சூரியனின் கணக்கு அதைவிட 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று விட்டதில், 128 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பிசகிக்கொண்டே வந்து, 16ஆம் நூற்றாண்டில் ஈஸ்டர் பண்டிகைக் கணக்கு 10 நாள் தள்ளிப்போயிருந்தது. போப் 13ஆம் கிரிகோரி அந்த 10 நாளையும் வெட்டினார். சீசருடையது பழைய கணக்கு, இவருடையது புதிய கணக்கு. 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் கேட்டுக்கொண்டன. போப் சொல்லி நாங்கள் தேதியை மாற்றுவதா என்று பல நாடுகள் முறுக்கிக்கொண்டன.

முறுக்கிக்கொண்டவற்றில் சுவீடனும் ஒன்று. 1700 வாக்கில் அதற்கு மனம் மாறியது. புதிய கணக்கில் 1700 லீப் வருடம் இல்லை, பழைய கணக்கில் உண்டு. அதனால் 10 நாள் வித்தியாசம் அந்த வருடத்திலிருந்து 11 ஆனது. ஆனால் ஒரே வெட்டாக 11 நாளை வெட்டத் துணிச்சல் இல்லை. 1700 முதல் 1740 வரை வரவேண்டிய பதினொரு பிப்ரவரி 29களையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் யாருக்கும் வலிக்காமல் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். கமிட்டி போட்டு யோசித்தால் வருகிற மாதிரியான யோசனை. 1700இல் சொன்னபடி பிப்ரவரி 29ஐ விட்டார்கள். அதே வருடம் ரஷ்யா உள்ளிட்ட நாடுகளோடு போர் மூண்டது. 1704இலும் 1708இலும் பிப்ரவரி 29 வழக்கம்போல வந்து போனது, தடுக்க ஆளில்லை. விளைவு, சுவீடன் பழைய கணக்கிலும் இல்லை, புதிய கணக்கிலும் இல்லை. 1709இல் சுவீடனும் ரஷ்யாவும் மோதிய பொல்டாவா போருக்கு மூன்று தேதிகள் உண்டு: ரஷ்யர்களுக்கு ஜூன் 27, சுவீடன்காரர்களுக்கு ஜூன் 28, மற்ற ஐரோப்பாவுக்கு ஜூலை 8. கடைசியில் வெறுத்துப்போய்ப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். அதற்கு ஒரு நாள் கூடுதலாக வேண்டியிருந்தது. 1712 லீப் வருடம். 29ஆம் தேதியோடு 30ஆம் தேதியையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடத்துக்கு 367 நாள். பிறகு 1753இல், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள்: பிப்ரவரி 17க்கு மறுநாள் மார்ச் 1.

சரி, இனி உங்கள் மூன்று.

கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. இது இத்தாலியில் எழுதிய தேதி, அதாவது புதிய கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இது இங்கிலாந்தில் எழுதிய தேதி, பழைய கணக்கு. இரண்டையும் புதிய கணக்கில் வையுங்கள்: நியூட்டன் 1643 ஜனவரி 4க்குப் போய்விடுகிறார். இரண்டையும் பழைய கணக்கில் வைத்துப் பாருங்கள்: கலிலியோ 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுகிறார். எந்தக் கணக்கில் வைத்தாலும் இருவரும் ஒரே வருடத்தில் சேரவில்லை. கலந்தடித்தால் மட்டும் சேருகிறார்கள்.

ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் கதையும் இதேதான். இங்கிலாந்தின் 1616 ஏப்ரல் 23, ஸ்பெயினுக்கு மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22. 23 என்பது அடக்கம் செய்த நாள்.

அந்த 11 நாள் கலவரம் நடக்கவே இல்லை. இங்கிலாந்து 1752இல் மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமை, மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. முணுமுணுப்பு இருந்திருக்கும். ஆனால் வாடகை, கடன், ஒப்பந்தத் தவணை எதுவும் வெட்டிய நாள்களைக் காட்டி முன்கூட்டியே வசூலிக்கப்படக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். பிரிட்டனின் வருமான வரி வருடம் ஏப்ரல் 6 என்ற விநோதமான தேதியில் தொடங்குவதற்குக்கூட இந்த 11 நாள்தான் மூலம். கலவரக் கதை எங்கிருந்து வந்தது? வில்லியம் ஹோகார்த் 1755 வாக்கில் தீட்டிய தேர்தல் விருந்து ஓவியத்தில், 'எங்கள் பதினொரு நாளைக் கொடு' என்று எழுதிய பலகை ஒன்று தரையில் கிடக்கும். கேலிச்சித்திரத்தைப் பிற்காலத்தவர் செய்தியாகப் படித்துவிட்டார்கள்.

நம் ஊர்ச் செய்தி கேட்டீர்கள். உங்கள் ஊரே அதில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழமண்டலக் கரையை எண்ணிப் பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், 1700இலேயே மாறிவிட்ட டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில். இவர்கள் எல்லோரும் புதிய கணக்கு. மதராஸிலும் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையிலும் இருந்த ஆங்கிலேயர் மட்டும் பழைய கணக்கு. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பி நடந்தால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம். அங்கே கும்பினி (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி) எழுத்தரின் தேதியோ 11 நாள் பின்னால் இருக்கும்.

1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை மதராஸைப் பிடித்தது. ஆங்கிலேயர் காகிதத்தில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் காகிதத்தில் செப்டம்பர் 21. அப்போது புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பிரெஞ்சுத் தேதியையும் நம் பஞ்சாங்கத் தேதியையும் சேர்த்தே கொடுக்கும். அவருக்கு அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கிழமை ஒன்றுதான்: புதன். தேதியை எத்தனை வெட்டினாலும் ஒட்டினாலும் கிழமை வரிசையில் யாரும் கைவைக்கவில்லை. இப்படி இரண்டு தேதி புரளுகிற இடங்களில் நான் முதலில் தேடுவது கிழமையைத்தான்.

மதராஸ் போனதும் ஆங்கிலேயர் தலைமையகம் உங்கள் ஊருக்கு வந்தது. 1752 வரை அங்கேதான் இருந்தது. 1749இல் மதராஸ் திரும்பக் கிடைத்தது. ஆக, மதராஸ் கோட்டையை ஆண்டவர்களின் தேதி 1746இல் 11 நாள் முன்னே குதித்து, 1749இல் 11 நாள் பின்னே போய், 1752இல் மறுபடி முன்னே வந்தது. ஆறு வருடத்தில் மூன்று தாவல். சுவீடனைப் பார்த்தா சிரித்தீர்கள்?

இன்னொன்றும் உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்டப்படியான வருடம் பிறப்பது மார்ச் 25இல். அதனால் பழைய மதராஸ் ஆவணத்தில் 1639 பிப்ரவரி என்று இருந்தால் அது நமக்கு 1640. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்று அமெரிக்கர்கள் சொல்வது 1732 பிப்ரவரி 22. அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். சென்னை தினத்துக்கு அடிப்படையான 1639 ஆகஸ்ட் 22 ஆங்கிலேயர் ஆவணத் தேதி. புதிய கணக்கில் அது செப்டம்பர் 1. இதைக் கொண்டாடுகிறவர்களிடம் போய்ச் சொல்லிச் சண்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டா ஜூலையா என்ற சண்டையே அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.