ஹாட் ராட் சேஸிஸ்: எஞ்சினுக்கு முன் டயரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஹாட் ராட் (பழைய கார் வடிவில் சக்திமிக்க எஞ்சினுடன் கட்டும் வண்டி) ஒன்று செய்கிறேன். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வடிவ ஃபைபர் கிளாஸ் பாடி, செவ்ரோலெ 350 வி8 எஞ்சின், பின் ஆக்சில் மூன்றும் கைவசம் உள்ளன. சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, நானே செய்யப்போகிறேன். எஞ்சின் மவுண்டிலிருந்து தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். வண்டி ஓடும் நிலையில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதே முதலில் முடிவாக வேண்டும். காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்), பினியன் (பின் ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் பல்சக்கரம்) நிற்கும் கோணம், ஸ்டீயரிங் ராடுகள் எல்லாவற்றையும் அந்த நிலையில்தான் அளக்கிறோம். உதாரணமாக, சேஸிஸை மட்டமாக வைத்து முன் ஆக்சிலுக்கு 6 டிகிரி காஸ்டர் கொடுத்து வெல்டிங் செய்துவிட்டு, பார்வைக்காகப் பிறகு மூக்கை 2 டிகிரி தாழ்த்தினால் மிஞ்சுவது 4 டிகிரிதான். நேர் ஆக்சிலுக்கு 5 முதல் 7 டிகிரி தேவை. குறைந்தால் வேகத்தில் வண்டி நேராக ஓடாமல் அலையும்.

ஆகவே போடப்போகும் டயர்களையே முதலில் வாங்குங்கள். அவற்றின் உயரத்தை வைத்து, ரெயில்களை (சேஸிஸின் இருபக்க நீள் சட்டங்களை) மட்டமான மேஜையில் ஓடும் சாய்விலேயே தாங்கி நிறுத்துங்கள். வெறும் சேஸிஸின் எடைக்கு ஸ்பிரிங் அமுங்காது. அதனால் காயில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில், பாரம் ஏறியபின் அது நிற்கும் நீளத்துக்கு வெட்டிய இரும்புப் பட்டையைப் பூட்டுங்கள்.

1932 மாடலின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 106 அங்குலம். அதன் ரெயில்கள் வெளியே தெரிபவை. அந்தப் பக்கவாட்டு மடிப்பும் வண்டியின் அழகில் ஒரு பகுதி. சதுரக் குழாய் இங்கே எடுபடாது. அசல் வடிவில் அழுத்திய ரெயில்களை எடுத்து, திறந்த உள்பக்கத்தைத் தகடு வைத்து மூடுங்கள். வெல்டிங்கை ஒரேயடியாக இழுத்தால் ரெயில் முறுக்கிக்கொள்ளும். ஓர் அங்குலம் போட்டு, எதிர்ப்பக்கம் போய், ஆறவிட்டுத் திரும்புங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கப் பாருங்கள். எல்லாம் பொருந்தும்வரை தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டிங் போதும்.

இப்போது எஞ்சின். கார்புரேட்டர் உட்காரும் முகத்தில் ரசமட்டத்தை வையுங்கள். சாதாரண இன்டேக் மேனிஃபோல்டில் அந்த முகம் மட்டமானால், கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்கமாக ஏறத்தாழ 3 டிகிரி தாழ்ந்திருக்கும். நான்கு இணைப்புக் கம்பிகள் தாங்கும் பின் ஆக்சிலானால் பினியன் முனையையும் அதே 3 டிகிரி மேல்நோக்கி வைத்து, இரண்டு அச்சுகளும் இணையாக ஓடச் செய்யுங்கள். இணை தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் தரை அதிரும். சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்ட் முழு நேர்கோட்டில் வருவதும் நல்லதல்ல. அதன் முனைகளில் வளைந்துகொடுத்துச் சுழலும் யூனிவர்சல் ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழும்; 1 டிகிரியாவது வளைவு இருக்கட்டும்.

பிரேக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைப் பலகைக்குக் கீழே போவதால், சக்கரத்தில் டிஸ்க்கை இறுக்கும் காலிப்பர்களைவிடத் தாழ்ந்துவிடும்; பிரேக் ஆயில் திரும்பி வடிந்து, முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) போடுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் சிலவற்றுக்குள்ளேயே இந்த வால்வு இருக்கும். இரண்டாவதாக ஒன்று சேர்த்துவிடாதீர்கள். மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் இல்லையென்றால் பெடல் விகிதம் 6:1. அச்சிலிருந்து மிதிகட்டை நடுவரை 12 அங்குலம் என்றால், தள்ளுகம்பி 2 அங்குலத்தில் வர வேண்டும்.

கதவு இடைவெளியைப் பாடி சேஸிஸில் முறுக்கப்பட்ட பிறகே சரிசெய்யுங்கள். ஃபைபர் கிளாஸ் வளைந்துகொடுக்கும். பெயின்ட்டுக்கு முன் முழு வண்டியையும் ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

ஒயரிங்கில் ஒன்று மட்டும்: ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயரைச் சேஸிஸுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை வேண்டும். அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும்.