தோலைச் சீவிவிட்டுச் சத்தைத் தேடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் எடுத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் ஆப்பிளில் சர்க்கரையைத் தவிர ஒன்றுமில்லை, பழைய ரகங்களில்தான் மருந்துச் சத்து இருக்கிறது என்கிறார் என் தம்பி. அவற்றைச் சாப்பிட்டால் மாத்திரையைக் குறைக்கலாமா? மெழுகுக்குப் பயந்து தோலைச் சீவிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். இன்னொன்று: ஆப்பிளைக் கடித்தால் என் மகளுக்கு உதடும் நாக்கும் அரிக்கின்றன. ஏன்?

பதில்: மாத்திரையைக் குறைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆப்பிளை நறுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் பழுப்பேறுகிறதல்லவா? அதில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சத்துகள் காற்று பட்டு, ஒரு நொதியின் உதவியால் நிறம் மாறுவதுதான் அது. புரோசயனிடின், எபிகேட்டச்சின், குளோரோஜெனிக் அமிலம் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு பெரும்பாலும் புரோசயனிடினால் வருவது. வாங்குபவர்களுக்கு இனிப்பும் மொறுமொறுப்பும் பிடிக்கும், துவர்ப்பு பிடிக்காது. எனவே துவர்ப்பில்லாத ரகங்களே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டன; சத்திலும் ஒரு பங்கு அதோடு போயிற்று. பழைய ரகங்கள் பலவற்றில் பாலிஃபீனால் அதிகம் என்பது அதனால்தான்.

ஆனால் பழையது, கடைச்சரக்கு என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. உலகமெங்கும் விற்கும் கிரானி ஸ்மித், ஆஸ்திரேலியாவில் 1868 வாக்கில் தோன்றிய ரகம். ரெட் டெலிஷியஸும் 19ஆம் நூற்றாண்டுப் பழம்தான். கடை ரகங்களுக்குள் பாலிஃபீனால் நிறைந்தவற்றில் அதுவும் ஒன்று, தோலோடு சாப்பிட்டால்.

என் கவலையெல்லாம் அந்தத் தோலைப் பற்றித்தான். குவர்செட்டின் வகைப் பாலிஃபீனால்கள் ஏறக்குறைய முழுவதும் தோலில்தான் இருக்கின்றன. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனினும் அங்கேதான். நார்ச்சத்திலும் கணிசமான பங்கு தோலோடு போய்விடும். அரிய ரகத்தைத் தேடி அலைந்து வாங்கி, தோலைச் சீவி எறிந்தால் என்ன பயன்? பழத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு உண்டு. மேலே பூசப்படும் மெழுகும் உண்ணத்தக்க வகைதான். ஓடும் நீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளாமல் அது தடுக்கும். அந்த மூலக்கூறை மாற்றியமைக்கும் முயற்சியில் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் உங்கள் டாபாகிளிஃப்ளோசின்! ஆனால் பழத்தில் ஃப்ளோரிசின் கொஞ்சமே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துவிடும். மாத்திரை செய்யும் வேலையைப் பழம் செய்யாது.

நடுத்தர ஆப்பிள் ஒன்றில் ஏறக்குறைய 19 கிராம் சர்க்கரை உண்டு. தோலோடு 4 கிராம் நார்ச்சத்தும் இருப்பதால் அது மெதுவாக இரத்தத்தில் ஏறும். ஒரு வேளைக்குச் சின்னப் பழமாக ஒன்று போதும். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சாறு வேண்டவே வேண்டாம். வடிகட்டிய சாற்றில் நார் போய்விடும், சர்க்கரை அப்படியே தங்கும்.

உங்கள் மகளுக்கு இருப்பது ஒவ்வாமையாக இருக்கலாம். பிர்ச் மர மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதைப் போன்ற புரதம் ஆப்பிளில் இருப்பதால் வாய் அரிக்கும். அந்தப் புரதம் வெப்பத்தில் சிதைவதால், வேகவைத்த ஆப்பிள் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சில பழைய ரகங்களும் ஒத்துக்கொள்வதுண்டு. ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டும்வரை மகள் ஆப்பிளைத் தொட வேண்டாம். தொண்டை இறுகினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.