ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 43. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டு 4 மாதம் சிஎன்சி ஆபரேட்டராக இருந்தேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய். 2026 ஜனவரியில் ஆர்டர் இல்லை என்று சொல்லி எங்களில் 19 பேரை அழைத்து, தயாராக அச்சடித்து வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கணக்கு முடிந்தது என்று 2,10,000 ரூபாயை வங்கியில் போட்டார்கள். கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலைக்குப் போனவன் நான். மேலாளரின் மைத்துனரை மட்டும் வெளியே அனுப்பவில்லை. இப்போது, ஐந்தே மாதத்தில், நான் ஓட்டிய அதே இயந்திரத்துக்குக் காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கிறார்கள். ஆட்குறைப்புச் செய்தவர்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மறுதிறன் பயிற்சிக்கென்று 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறதாமே? வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்கிறார் சங்கத்து நண்பர். சம்பளம் கூடியபோதே இ.எஸ்.ஐ. நின்றுவிட்டது. எனக்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது? அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று இருக்கும் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அச்சடித்து வைத்திருக்கும் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

கொரோனாவில் வேலைக்குப் போனதை, இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம் பாராட்டலாம், அதற்காக உத்தரவு போடாது. மைத்துனர் உங்களுக்குப் பிறகு சேர்ந்தவராக இருந்தால், 'கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும்' என்ற விதியை வைத்து வாதாடலாம். ஆனால் அதுகூட உங்களுக்கு நடந்தது ஆட்குறைப்பு என்று முதலில் நிரூபித்த பிறகுதான். இரண்டையும் ஓரமாக வையுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் உண்மைதான். 2025 நவம்பர் 21 முதல், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் இருக்கிறது. ஆட்குறைப்புச் செய்த ஓராண்டுக்குள் நிர்வாகம் புதிதாக ஆள் எடுத்தால், வெளியே அனுப்பியவர்களுக்கு வாய்ப்புத் தந்து அவர்களுக்கே முன்னுரிமை தர வேண்டும். மறுதிறன் நிதியிலிருந்து கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகை, 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் ஏற வேண்டும். இரண்டும் ஆட்குறைப்புச் செய்யப்பட்டவருக்கு மட்டும். தானாக விலகியவர் அந்த வரையறைக்குள்ளேயே வரமாட்டார். பழைய சட்டத்திலும் இப்படித்தான். அந்த ஒற்றைத் தாளுக்காக நிர்வாகம் ஏன் அத்தனை அவசரப்பட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று வாதிடலாம். அப்படி வாதிட்டு ஜெயித்தவர்கள் உண்டு. அவர்களிடம் இருந்தது, மறுநாளோ அந்த வாரத்திலோ அனுப்பிய ஒரு பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ. நீங்கள் ஐந்து மாதம் பேசாமல் இருந்தீர்கள், பணத்தையும் எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டவர் பிறகு பழைய உரிமைகளைக் கேட்டு வர முடியாது என்று ஏ.கே. பிண்டல் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே எடுத்து நீட்டுவார். உங்களுக்குச் சாதகமாக இருப்பது ஒன்றுதான்: ஒரே நாளில் 19 பேர், ஒரே வாசகம். பத்தொன்பது பேருக்கும் ஒரே நாளில் வேலை கசந்துபோனது என்றால் எந்த நீதிபதியும் புருவத்தை உயர்த்துவார். ஆகவே தனியாகப் போகாதீர்கள். குறைந்தது ஏழெட்டுப் பேராவது தங்கள் கடித நகலோடு சேர்ந்து வர வேண்டும்.

இனி, நான் உண்மையில் கவலைப்படும் விஷயங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன மூன்று வருடம் பழைய சட்டத்தின் கணக்கு. புதிய தொகுப்பில் தகராறு எழுந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டால், இரு தரப்பையும் அழைத்துப் பேசும் அரசின் சமரச அதிகாரி அதைத் தொடவே முடியாது. சமரசம் முறிந்தால், அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மறுவேலைக்கான முன்னுரிமைக்கோ ஓராண்டுதான், 2027 ஜனவரியோடு முடிந்துவிடும். இதே முன்னுரிமையைத் தந்த பழைய சட்டத்தின் 25எச் பிரிவில் இந்த ஓராண்டு வரம்பு கிடையாது. நண்பர்கள் பழைய நினைவில் சொல்லும் யோசனையைக் கேட்டுத் தவணை தாண்டியவர்கள் ஏராளம்.

காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுப்பதும் தற்செயல் அல்ல. நிர்வாகம் 'தன் வேலைக்கு' ஆள் எடுத்தால்தான் முன்னுரிமை. காண்ட்ராக்டரின் ஆள் சட்டப்படி காண்ட்ராக்டரின் ஆள். அந்த ஒப்பந்தம் வெறும் பெயருக்கு என்று நிரூபிக்க, யார் மேற்பார்வை செய்கிறார், யார் ஷிப்ட் போடுகிறார், யார் விடுப்புத் தருகிறார் என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். உள்ளே இருப்பவர் சாட்சி சொல்ல வரமாட்டார். வெளியே இருக்கும் உங்களிடம் பதிவேடு இல்லை.

அடுத்ததில்தான் நல்ல வழக்குகளும் கவிழ்கின்றன. வழக்கு நடக்கும்போது வேறு வேலைக்குப் போனால் பின்சம்பளம் (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) போய்விடும் என்று யாரோ சொல்ல, வழக்குப் போட்டவர் ஒன்று வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார், அல்லது ரகசியமாக வேலைக்குப் போய்க்கொண்டே 'வருமானமின்றி இருக்கிறேன்' என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், வேலையில்லாமல் இருந்தேன் என்று தொழிலாளி சொன்னாலே போதும், மறுக்க வேண்டியது நிர்வாகம் என்றது. எவ்வளவு பெரிய சலுகை! ஆனால் நிர்வாகத் தரப்பு வருங்கால வைப்புநிதிப் பதிவைக் கேட்டு மனுப் போடும். எத்தனை நிறுவனம் மாறினாலும் யுஏஎன் என்ற உங்கள் வைப்புநிதி எண் ஒன்றுதான். வேறொரு நிறுவனம் மாதாமாதம் கட்டிய சந்தா, தேதி வாரியாக அதில் இருக்கும். அந்தத் தாள் மேசைக்கு வந்த நிமிடத்தில் பின்சம்பளம் மட்டும் போவதில்லை, மிரட்டி கையெழுத்து வாங்கினார்கள் என்று நீங்கள் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள். வேலை கிடைத்தால் போங்கள். போனதை மறைக்காதீர்கள். காண்ட்ராக்டரே கூப்பிட்டாலும் போகலாம். 'முந்தைய நிர்வாகத்திடம் எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை' என்ற வரி சேர்க்கைப் படிவத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாமல் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு முறை போட்டதே போதும்.

வீட்டை மாற்றினீர்களா? பழைய மத்திய விதிகளில், காலியிடத்தை நிரப்புவதற்குப் பத்து நாள் முன்பு, தொழிலாளி கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் நிர்வாகத்தின் கடமை முடிந்தது. தபால் திரும்பி வந்தால் நஷ்டம் தொழிலாளிக்கு. இன்றைய முகவரியை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே காலியிடத்தைத் தெரிவிப்பதுதான் கட்டாயம், அங்கிருந்து ஆள் எடுப்பது கட்டாயமல்ல.

இப்போது பணம். 2,10,000 பெரிய தொகையாகத் தோன்றியிருக்கும். பிரித்துப் பாருங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டுமே, மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டால், சுமார் 1,52,300 ரூபாய். ராஜினாமா செய்தாலும் அது உங்களுடையது, நிர்வாகத்தின் தயவு அல்ல. மிச்சம் 57,700. ஆட்குறைப்பாக இருந்திருந்தால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 1,32,000, முன்னறிவிப்புக்குப் பதிலாக 24,000, ஆக 1,56,000 வந்திருக்கும். மறுதிறன் நிதி 12,000 தனி. உங்கள் கையைக் கடித்தது ஏறத்தாழ 1,10,000 ரூபாய்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், மேல்முறையீடு என்று போனால் உங்கள் 43 வயது 50-ஐத் தாண்டும். கடைசியில் பெரும்பாலும் கிடைப்பது வேலை அல்ல, இழப்பீடு. மறுவேலை கிடைத்தாலும் அது புது நியமனமாகவே இருக்கும், பழைய 11 ஆண்டு சேர்ந்து வராது.

ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தில் கவனம். எண்பதுகளில் ஒரு கூட்டுறவுச் சங்கம் நீக்கிய பியூனுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் மறுபணிக்குப் பதில் 12,500 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. வாங்கிக்கொண்டார். பல ஆண்டு கழித்து அதே சங்கத்தில் இரண்டு பியூன்களை நிரந்தரமாக்கியபோது 25எச் முன்னுரிமை கேட்டு வந்தார். பராரா கூட்டுறவுச் சங்க வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. இழப்பீட்டை வாங்கியதோடு அவர் கதை முடிந்தது. ஆகவே சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தத்தில் 'ஆட்குறைப்பு' என்ற சொல் இருக்க வேண்டும். ஓராண்டு முன்னுரிமை தொடரும் என்றும் எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் எழுத நிர்வாகம் முரண்டு பிடிக்கும். அப்போது தொகையைக் கூட்டிக் கேளுங்கள். முன்னுரிமையை விட்டுக்கொடுத்து 1,00,000 ரூபாய்க்கு மேல் வந்தால், உங்கள் நிலையில் நான் வாங்கிக்கொள்வேன். எண்பதாயிரத்தில் நின்றால் வாய்தா கேட்டு வெளியே வாருங்கள். மற்ற பதினெட்டுப் பேரில் எத்தனை பேர் மனுப் போட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தேதிக்கு அவர்களே கூட்டிக் கொடுப்பார்கள்.